ஏழாம் விதி

ஜூன் 2, திங்கள்

கோபம்: 8. காரணம்: இந்தப் படிவம்.

நிவேதனா மேடம் கொடுத்த படிவத்தில் மூன்று கட்டங்கள்: நேரம், காரணம், பத்துக்கு எத்தனை. இருபத்தெட்டு நாளும் நிரப்பி முப்பதாம் தேதி மனிதவளத் துறையில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது. "உங்க கோபத்தை நீங்களே அளந்து பாருங்க, இங்கர்சால்" என்றார். கேலிபரேஷன் லேபில் ஏழு வருடமாக மைக்ரோமீட்டர்களைச் சரிபார்க்கும் என்னிடம் அளப்பதைப் பற்றிப் பாடம். எந்தக் கருவியால் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத் தனியாக 6.

முன்பக்கக் கட்டங்கள் அவருக்கு. பின்பக்கம் எனக்கு.

நடந்தது இவ்வளவுதான். 25 மில்லிமீட்டர் மாஸ்டர் ரிங் கேஜ் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. உள்ளங்கை அளவு எஃகு வளையம். மற்ற கருவிகளையெல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்ப்போம். விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு இருபத்தெட்டு நாள்.

வீட்டில் சொல்லவில்லை. எட்டே காலுக்கு டிபன் பாக்ஸுடன் கிளம்பி சிங்காநல்லூர் குளக்கரையில் மாலைவரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். "இன்னிக்கு வேல எப்படி?" என்றார் அப்பா. "நெருக்கடிங்கப்பா" என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

கோபம்: 9. காரணம்: கியூரி.

கியூரி என் அக்கா. அப்பா பெயர் பகலவன். மில்லில் சேரும்போது பழனிச்சாமி. பகுத்தறிவுப் பெயர் மாற்றத்தில் தப்பித்தது அம்மா மட்டும்தான். பூங்கோதை என்று வைத்துப் பார்த்தாராம். "பூவாத்தான்னு கூப்புட்டாத்தானுங்க நான் திரும்பிப் பார்ப்பேன்" என்றுவிட்டாள்.

அப்பாவின் சொத்து ஒரு மன்றம். பகலொளிச் சிந்தனை மன்றம். டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல் மாடி, ரப்பர் நாற்றம், பதினாலு உறுப்பினர். கையிலிருந்து விபூதி வரவழைப்பது, எலுமிச்சையில் ரத்தம் காட்டுவது எல்லாவற்றையும் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் செய்துகாட்டி, சூட்சுமத்தையும் சொல்லிவிடுவார்கள். கியூரி ஆறு வயதிலிருந்து அந்த மேடையில் நாக்கில் கற்பூரம் கொளுத்துகிறாள். இப்போது முப்பத்து நாலு, டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். விவாகரத்துக்குப் பின் நாலு வருடமாக எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோடை முகாமின் கடைசி நாள். கற்பூரம் எரிந்து முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "நாக்கு சுடலீங்களாக்கா?" என்று கேட்டது. ஈரம் இருக்கும்வரை சுடாது, உலரும் முன் வாயை மூடிவிட வேண்டும். இதுதான் இருபத்தெட்டு வருடப் பதில். கியூரி சொன்னாள்: "சுடுது கண்ணு. சூடு வருது, போகுது. ஆனா எனக்குச் சுடுதுன்னு சொல்லிக்கறதுக்கு அங்க ஆளு யாருமில்ல."

மைக்கை அவள் வாயருகே பிடித்திருந்தது அப்பா.

நேற்றும் இன்றும் வீட்டில் விசாரணை. பிப்ரவரியில் வேலூரில் மெஷின் பயிற்சி என்று போனாளே, அது பயிற்சி இல்லையாம். புத்த முறைத் தியான மையமாம். பத்து நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம்.

"ஆளில்லைன்னா என்ன அர்த்தம்? ஆன்மாவா?" என்றார் அப்பா.

"ஆன்மா இல்லீங்கப்பா. அதுவும் இல்லைங்கறேன். நாப்பது வருசமா நீங்க மேடைல சொல்றதுதானுங்க."

"நான் சொன்னது கொள்கை."

"நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

"எதால பார்த்த? கண்ணாலயா?"

கியூரி தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். அப்பா விடவில்லை.

"கொள்கைக்கு ஆதாரமிருக்குது. உன்ற அனுபவத்துக்கு என்ன இருக்குது?"

நான் அப்பா பக்கம். எந்தக் கருவியும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியாது. லேபில் முதல் நாள் சொல்லித்தருவது அது.

மன்றத்தின் ஏழாம் விதியை எழுதியது அப்பாவேதான்: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உண்டென்று கூறும் உறுப்பினர், அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்குள் மற்றவர் ஏற்கும்படி விளக்கி நிரூபிக்க வேண்டும், தவறினால் நீக்கப்படுவார். கூட்டம் 29ஆம் தேதி. "மன்றத்துல இல்லாதவங்களுக்கு இந்த வீட்டுலயும் இடமில்ல" என்று அப்பா சேர்த்துக்கொண்டார். அது விதியில் கிடையாது.

பரிசோதகர்: தோழர் இங்கர்சால். தொழில்நுட்பம் படித்தவனாம்.

ஜூன் 5, வியாழன்

கோபம்: 7. குளத்தில் பறவை பார்க்க வந்தவர், "என்ன தம்பி, வேல இல்லீங்களா?" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

கோபம்: 6. காரணம்: மாம்பழம்.

காலையில் இட்லி முன்னால் கியூரி ஒரு முயற்சி செய்தாள். "டயாலிசிஸ்ல ரத்தம் வெளிய போகுது, சுத்தமாகித் திரும்புது. மெஷின் 'நான் சுத்தம் பண்றேன்'னு நினைக்கறதில்ல. ஆனா வேல நடக்குது. அந்த மாதிரி."

"மெஷினுக்கு கரண்ட் யாரு குடுக்கறா?" என்றார் அப்பா.

"அப்பா, அது ஒரு உதாரணமுங்க."

"கரண்ட் போனா?"

"ஜெனரேட்டர் வரும்."

"அப்ப ஜெனரேட்டர்தான் ஆன்மாங்கற."

அவள் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, மாம்பழத்தையே தின்னாதவனுக்கு அதன் ருசியை எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தாள். உலகத்திலுள்ள எல்லாச் சாமியார்களும் இந்த ஒரே மாம்பழத்தைத்தான் வைத்துப் பிழைக்கிறார்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ரெண்டு சொட்டுச் சாறு விட்டால் இனிப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும், தின்னவே வேண்டாம் என்றேன்.

"அதை வச்சு நீ மாம்பழம் தின்ன திருப்தி வந்துருமாடா?"

"திருப்தி அளவு இல்லக்கா. அது அபிப்பிராயம்."

"உன்னையெல்லாம் பெத்தாங்களா, கடைஞ்சு எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். லேத்தில் கடைந்திருந்தால் இன்னும் துல்லியமாக வந்திருப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

கோபம்: 3.

மன்றத்தில் ஒட்டடை அடித்தோம். செயலாளர் குணசீலன் வாத்தியார், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கீழே நின்றபடி ஏணியைப் பிடித்துக்கொண்டார். சுவரில் விஞ்ஞானிகளின் படங்களுக்கு நடுவில் புத்தர் படம் இருக்கிறது. உலகின் முதல் பகுத்தறிவாளர் என்று கீழே எழுதியிருக்கிறது. துடைக்கும்போது கேட்டேன்: "சார், இவரு கண்ண மூடிட்டு என்ன பண்றாரு?"

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சிந்திச்சுட்டிருக்காரு."

"தியானமில்லீங்களா?"

"மன்றத்துல இருக்கறவரைக்கும் சிந்தனைதான்" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

குளக்கரையில் அகப்பட்டுக்கொண்டேன். கியூரி இரவு டூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வந்தவள் நிறுத்தினாள். மணி ஒன்பது. என்னைப் பார்த்தாள், டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.

"என்ன, தக்காளிச் சாதமா?"

"ஆமா."

பாதியைத் தின்றாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காததற்கு எனக்குக் கோபம் வந்தது. 5. கேட்டிருந்தால் 9.

"ஞானம் வந்தவங்களுக்குக் கோபம் வராதில்ல?" என்று நானே சீண்டினேன்.

"ஞானமாவது, வெங்காயமாவது. வரும்டா. நேத்து வார்டு பாய்கிட்ட எப்படிக் கத்துனேன் தெரியுமா? வரும், போயிரும். உனக்கு வந்தா அதுக்கு ஊடு கட்டிக் குடுத்து, பந்தல் போட்டுக் குடி வச்சிருவ."

கையைக் குளத்தில் கழுவப் போனாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு என் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

கோபம்: 2. வேலை இருந்தது.

சோதனைத் திட்டம் தயார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கருவியில் சந்தேகம் வந்தால் ஒரே பொருளை மூன்று பேர், ஆளுக்குப் பத்து முறை அளக்க வேண்டும். அளவுகள் ஒத்துப்போனால் கருவி சரி. ஆளுக்கு ஆள் மாறினால் கோளாறு ஆளிடம். அதையே இங்கேயும் செய்வது. மூன்று பேர், பத்து நாள், தினமும் இருபது நிமிடம் கண்மூடி உட்கார வேண்டும். என்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கையில் ஸ்டாப்வாட்சோடு குறிக்க வேண்டும்.

அப்பா பூரித்துப்போனார். "இதுதான் விஞ்ஞானம்!"

முதல் ஆள் கியூரி. இரண்டாவது குணசீலன் வாத்தியார். மூன்றாவதாக யாரும் வரவில்லை. ஆட்டோ எலக்ட்ரீசியன் கதிர்வேலு, "கண்ண மூடுனா எனக்குக் கொள்கை போயிரும்ங்க" என்றார். சோதனையை வடிவமைத்தவன் அளவெடுக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. வேறு ஆளில்லாததால் நானே மூன்றாவது. இந்தக் குறைபாட்டை அறிக்கையில் எழுதுவேன்.

செய்முறை கேட்டேன். கியூரி சொன்னது முழுவதும் இதுதான்: "மூச்சைப் பாரு. அப்பறம் உடம்பப் பாரு. என்ன வருதோ பாரு. ஒண்ணும் பண்ணாத. நான் வாத்தியாரில்ல, இதுக்கு மேல கேக்காத." இப்படியொரு செய்முறைக் குறிப்பை லேபில் கொடுத்தால் ஆடிட்டர் கிழித்து மூஞ்சியில் வீசுவார்.

ஜூன் 12, வியாழன்

முதல் அமர்வு, குளக்கரை, காலை 9.00.

இடது காதில் அரிப்பு. 94 நொடி. மூக்கில் அரிப்பு. 70 நொடி. முட்டி வலி. நிவேதனா மேடம். முட்டி வலி. நாளை டிபன் என்ன. அரிப்பு, எங்கே என்று சொல்ல முடியவில்லை, 110 நொடி. கொசு, இது வெளிக் காரணம், கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்காகவா ஒரு மனிதர் அரண்மனையை விட்டுப் போனார்?

ஜூன் 14, சனி

வாத்தியாரின் முதல் மூன்று நாள் பதிவை வாங்கிப் பார்த்தேன். "நாள் 1: உறக்கம். நாள் 2: ஆழ்ந்த உறக்கம். நாள் 3: கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்தது நினைவுக்கு வந்தது. பயனுள்ள அமர்வு."

ஜூன் 15, ஞாயிறு

நான்காம் அமர்வு. அரிப்பு 3, வலி 2. நடுவில் ரிங் கேஜ்.

நழுவி விழுந்தது என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். பதிவில் பிழை. வீசினேன். தரையில்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பா தெருவில் ஒருவரோடு சோதிடம் பற்றி வாதாடிவிட்டு வந்து, என் பனியன் கொடியில் தலைகீழாகக் காய்வதைச் சொல்லிக் கத்தினார். என் தாடை இறுகியது. அப்புறம் காது சூடானது. வாட்ச் கையில் இருந்ததால் அமுக்கினேன். உச்சம் 40ஆவது நொடி. 85இல் ஒன்றுமில்லை. அப்பா அதற்குப் பிறகும் கத்திக்கொண்டிருந்தார். அவர் வேறு கருவி.

படிவத்தில் 3 என்று எழுதினேன்.

ஜூன் 19, வியாழன்

எட்டாம் அமர்வு.

தரையில் அல்ல.

எங்கள் லேபில் மூத்தவர் தேவசகாயம் அண்ணன். ஆடிட்டர் முன்னால் என் அளவைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா அளந்து பாரு தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வளையம் அவர் காதோரமாகப் போய்க் கிரானைட் பலகையின் மூலையைப் பெயர்த்தது. நாலு விரற்கடை தள்ளியிருந்தால் நெற்றி.

கண்ணை மூடியிருக்கும்போது அவர் முகம் வந்தது. முகம் எத்தனை நொடி என்று வாட்சில் இல்லை. அமுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

கோபம்: 0. போன வாரத்திலிருந்து கட்டங்களில் எண் குறைந்துகொண்டே வருகிறது. கருவிக் கோளாறாக இருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

டிபன் பாக்ஸைக் கொடுக்க மாடிக்குப் போனேன். கியூரி அட்டைப்பெட்டிகளில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஹாஸ்டலில் பேசி வைத்திருக்கிறாளாம். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'விளக்கம்' என்று தலைப்பு. கீழே ஏழெட்டு வரி, எல்லாமே அடித்திருந்தது.

"மன்னிப்புக் கேட்டுரலாமில்ல? 'தெரியாமச் சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்தை."

"தெரிஞ்சுதானடா சொன்னேன்."

"ஆதாரமில்லாம."

"கேட்ட புள்ளைக்குப் பத்து வயசு. அதுகிட்டப் பொய் சொல்லியிருக்கணுமா? நம்ம மேடைல பொய் சொல்லமாட்டோம்னுதான அப்பா சொல்லிக் குடுத்தாரு." டேப்பைக் கடித்துக் கிழித்தாள். "அப்பா என்கூடப் பேசாம ஒரு நாள் இருந்ததில்லடா. இப்ப ஒரு வாரமாச்சு. டைவர்ஸ் கோர்ட்டுக்குக்கூட அவருதான் வண்டியோட்டுனாரு."

கண் கலங்கியிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆளே இல்லைன்ன. இப்ப யாருக்கு அழுகை வருது?" என்றேன்.

டேப் சுருள் என் தோளில் பட்டது. நல்ல குறி. குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

இருகூரில் தேவசகாயம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. காபி கொடுத்தார்.

"அன்னைக்கு ரீடிங் யாருது சரி தம்பி?"

"உங்களுதுதானுங்கண்ணா. எனக்கு ரெண்டு மைக்ரான் தள்ளிப் போச்சு." தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு.

"அட, ரெண்டு மைக்ரானுக்கா என்ற மண்டைய ஒடைக்கப் பார்த்த" என்று சிரித்தார். அவர் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

பதினாலு பேரில் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டார், சாப்பாட்டுக்கு மட்டும். அப்பா தலைமை. புத்தர் படத்துக்கு நேர்கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கியூரி எழுந்தாள். உதாரணம் எதுவும் எடுக்கவில்லை. நேராக வாத்தியாரிடம் கேட்டாள்: "சார், ஃபேன் சத்தம் கேக்குதுங்களா?"

"கேக்குது."

"யாருக்குக் கேக்குது?"

"எனக்குத்தான்."

"அந்த 'நான்' எங்க இருக்குதுங்க?"

"இதா, இந்தச் சேர்ல."

"சேரு டயர்க்கடைக்காரருதுங்கொ" என்றார் கதிர்வேலு. மன்றமே சிரித்தது. கியூரியும் சிரித்துவிட்டாள். அதோடு அவள் வாதம் முடிந்தது.

சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "சத்தம் கேக்குதுங்கறது தெரியுது. கேக்கற ஆளத் தேடிப் பார்த்தா, தேடறதுதான் இருக்குது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலீங்க. விளக்க முடியும்னு நினைச்சேன். முடியல." உட்கார்ந்துவிட்டாள்.

"பரிசோதகர்" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிக்கை படித்தேன். வாத்தியார்: எட்டு உறக்கம், ஒரு சிலிண்டர், ஒருமுறை காலமான மனைவியின் குரல், "பருப்பு அடிப்பிடிக்குது" என்றதாம். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். நான்: முப்பத்தொரு அரிப்பு, பதினேழு வலி; வந்தவை எல்லாம் போயின. கியூரி: அதேதான், எண்ணிக்கை வேறு. மூன்று பேரின் அளவுகளும் ஒத்துப்போகவில்லை. ஆளில்லை என்பது நிரூபணமாகவில்லை.

அப்பா மூச்சை விட்டார். அது நிம்மதியா என்னவென்று என் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

நான் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். "இன்னொரு அளவும் இருக்குதுங்க. சோதனைல சேராதது" என்றேன். நிவேதனா மேடத்தின் படிவத்தை எடுத்துப் படித்தேன். முன்பக்கம். அப்புறம் பின்பக்கம், பத்தொன்பதாம் தேதி உட்பட.

ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்டது.

அப்பா எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. "இருபத்தேழு நாளா டிபன் பாக்ஸத் தூக்கிட்டு எங்கடா போன?"

"குளத்துக்குங்கப்பா."

"பெரிய மனுசன் மண்டைய ஒடைக்கப் பார்த்துட்டு, என்ற சோத்தத் தின்னுட்டு, குளத்துல உக்காந்து..."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. என் கை பழக்கத்தில் வாட்சை அமுக்கிவிட்டது.

"என்னத்தடா பாக்கற?"

"நாப்பத்தி ரெண்டு செகண்டுங்கப்பா. உச்சம் தாண்டிருச்சு. இன்னும் முப்பதுல எறங்கிரும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவுக்கு மறுபடி ஏறியது. மறுபடி முதலிலிருந்து அமுக்கினேன். இந்த முறை எழுபத்தெட்டு. நாற்காலியை அவரே நிமிர்த்தி உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அந்த எழுபத்தெட்டு நொடியும் என் தாடையில் ஒன்றுமில்லை. அவமானம் மட்டும் இருந்தது. அது போக அதிக நேரம் எடுக்கும்போல.

வாத்தியார் பேனாவைத் தூக்கினார். "இத நிரூபணம்னு எழுதறதா, சம்பவம்னு எழுதறதா?"

அதன்மேல் அரை மணி நேரம் விவாதம். கோபம் வந்தால் தணியும் என்பது யாருக்குத் தெரியாது, இதற்கா பத்து நாள் வாயை மூடி உட்கார வேண்டும் என்றார்கள். கியூரி, "அவ்வளவுதானுங்க, வேறொண்ணுமில்ல" என்றாள். அப்படியானால் இதில் புதுசாக என்ன இருக்கிறது என்றார்கள். புதுசு என்று அவள் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்றார்கள். தெரிந்ததைச் சொன்னால் தெரிந்ததுதானே; தெரியாததைச் சொன்னால் அது மூடநம்பிக்கை. நானே ஒரு மாதமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து கேட்டால் சகிக்கவில்லை.

ஓட்டு: தலைவர், கியூரி, பரிசோதகர் மூவருக்கும் கிடையாது. நீக்க ஏழு, வேண்டாமென்று இரண்டு, வாத்தியார் நடுநிலை. உறங்கியவருக்குக் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

உறுப்பினர் பலகையில் பெயரை அழிக்கக் கதிர்வேலு கறுப்புப் பெயின்ட் கொண்டுவந்தார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது கியூரி. "ரெண்டு கோட் அடிச்சுருங்கண்ணா. ஒரு கோட்ல பழைய எழுத்து தெரியும்." அப்பா ஜன்னல் வழியாக டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரை மணிக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். கியூரி மாடியில்.

"பொட்டி கட்டியாச்சான்னு கேளு" என்றார் அப்பா, யாரிடமென்று இல்லாமல்.

அம்மா தோசையைத் தட்டில் போட்டாள். "மன்றத்துல இல்லாதவங்க இந்த ஊட்டுல இருக்கக் கூடாதுங்களா?"

"சொன்னா சொன்னதுதான்."

"நானு என்னைக்குங்க மன்றத்துல இருந்தேன்? நீங்க சேத்தவே இல்லீங்களே. நான் எந்தப் பொட்டிய எடுக்கட்டும்?"

அப்பா வாயில் தோசையோடு, மெல்லாமல் உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் சோதனை, மூன்று ஆள், முப்பது அமர்வு எதுவும் செய்யாததை ஒரு தோசைக் கரண்டி செய்தது. வாட்ச் பாக்கெட்டில்தான் இருந்தது. நாலு நிமிடம் பத்து நொடி. இதுவரை பதிவானவற்றில் இதுதான் அதிகம்.

பிறகு தலையை நிமிர்த்தி மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார்: "மோட்டாரு போட்டியா இல்லியா? டேங்கு காலி!"

"போட்டாச்சுங்கப்பா!" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

அம்மா அடுத்த தோசையை ஊற்றினாள்.

ஜூன் 30, திங்கள்

கியூரி ஸ்கூட்டரில் கொண்டுவந்து கம்பெனி வாசலில் விட்டாள். காத்திருப்பதாகச் சொன்னாள்.

நிவேதனா மேடம் படிவத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறது, அதை நகலெடுத்து வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. 8, 9, 7, 6 என்று விரல் இறங்கியது. கடைசி வரிசைகளில் நின்றது.

"இங்க பூஜ்யம். இங்கேயும் பூஜ்யம். என்ன டெக்னிக் பண்ணீங்க? மூச்சுப் பயிற்சியா? எண்ணுனீங்களா?"

"ஒண்ணும் பண்ணல மேடம்."

"ஒண்ணும் பண்ணாம எப்படிக் குறையும்?"

"குறைக்கல. வரும்போது பார்த்தேன். அதுவே போயிருச்சு."

"யார் பார்த்தது?"

வாயைத் திறந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டேன்.

"இங்கர்சால், நீங்க லேப்ல இருக்கறவர். இப்படிச் சட்டுன்னு இறங்குற ரீடிங்கை நீங்களே ஒத்துப்பீங்களா?"

"ஒத்துக்கமாட்டேன் மேடம்."

"மாம்பழம் சாப்பிடாதவங்களுக்கு..." என்று என் வாயிலிருந்து வந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். நான் நிறுத்திக்கொண்டேன். இதைக் கியூரியிடம் சொல்லப்போவதில்லை.

இட்டுக்கட்டிய எண்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லேப் கிடையாது, ஸ்டோர்ஸில் ஆறு மாதம், திருப்தியாக இருந்தால் பார்க்கலாம். கூடவே புதுப் படிவம் ஒரு கட்டு. தாடை இறுகியது. காது சூடானது. அது தன் வேலையைச் செய்தது. நான் கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெளியே கியூரி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா ஆச்சு?" என்றாள், வண்டியைக் கிளப்பியபடி.

"ஏழாம் விதி" என்றேன்.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். வாட்ச்மேன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு, வண்டி தானாக அணைந்துபோகும் அளவுக்கு, ஹாண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நொடி என்று நான் பார்க்கவில்லை.